கம்யூனிட்டி.டிபி 404: பழைய ஆர்ச் லேப்டாப் அப்டேட் ஆக மறுக்கிறது, ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது உடைகிறது

மொட்டைமாடி எழுதியது:

தம்பிக்கு வேலை செய்யும் இடத்தில் புது லேப்டாப் கொடுத்துவிட்டார்கள், அவனுடைய பழைய திங்க்பேட் பீரோவுக்குள் போய்விட்டது. அதில் ஆர்ச் லினக்ஸ். அதில் பேக்கேஜ்களை ஏற்றி இறக்கும் கருவியான பேக்மேனின் லாகைப் பார்த்தால் கடைசி முழு அப்டேட் 2023 ஏப்ரல். இப்போது எனக்கு ஒரு மெஷின் தேவைப்படுகிறது என்று எடுத்து 'பேக்மேன் -எஸ்ஒய்யு' அடித்தால் வாசலிலேயே நிற்கிறது. ரெப்போக்களில் (பேக்கேஜ் கிடங்குகளில்) கோர் வருகிறது, எக்ஸ்ட்ரா வருகிறது, கம்யூனிட்டியின் பட்டியலான கம்யூனிட்டி.டிபி மட்டும் 404, கோப்பே இல்லையாம். மிரர் (நகல் சர்வர்) மாற்றிப் பார்த்தேன், எல்லா மிரரிலும் அதே 404. "ஃபெயில்ட் டு சிங்க்ரனைஸ் ஆல் டேட்டாபேசஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

பேக்மேனின் அமைப்புக் கோப்பான பேக்மேன்.கான்ஃபில் இருந்து கம்யூனிட்டி வரியை எடுத்துவிடலாமா? எடுத்தால் அதிலிருந்து போட்ட பேக்கேஜ் எல்லாம் என்ன ஆகும்? டெஸ்க்டாப்பில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

ரூட்டுராசா எழுதியது:

ப்ரோ, இவ்வளவு பழைய இன்ஸ்டாலோடு மல்லுக்கட்டாதீர்கள். ஹோம் ஃபோல்டரை காப்பி எடுத்துவிட்டு ரீஇன்ஸ்டால் அடித்துவிடுங்கள். அது வேண்டாம் என்றால் பேக்மேன்.கான்ஃபில் சிக்லெவல் = நெவர் போட்டுக் கையெழுத்துச் சோதனையை நிறுத்தி, கம்யூனிட்டியைத் தூக்கிவிட்டு, எங்கே டிபெண்டன்சி (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான இன்னொன்று) என்று முரண்டு பிடிக்கிறதோ அங்கே அந்தச் சோதனையைத் தவிர்க்க -டிடி, எங்கே ஃபைல் இருக்கிறது என்று சொல்கிறதோ அங்கே மேலேயே எழுத ஓவர்ரைட் ஸ்டார். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

நடுச்சாமஅட்மின் எழுதியது:

ராசா சொன்னதில் எதையும் இப்போதைக்குச் செய்யவேண்டாம்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஆர்ச்சில் முன்பு கோர், எக்ஸ்ட்ரா இரண்டும் டெவலப்பர்கள் கையில் இருந்தன, கம்யூனிட்டி டிரஸ்டட் யூசர்கள் கையில். பேக்கேஜ் கட்டும் மூலக் கோப்புகள் எஸ்விஎன் என்ற பழைய வெர்ஷன் கன்ட்ரோலில் இருந்தன. 2023 மே 19 முதல் 21 வரை எல்லாவற்றையும் கிட்டுக்கு மாற்றினார்கள், அதோடு கம்யூனிட்டியை எக்ஸ்ட்ராவுக்குள் கொட்டிவிட்டார்கள். புது வெர்ஷன்களை முதலில் சோதிக்கும் டெஸ்டிங் ரெப்போ இரண்டாகப் பிரிந்து கோர்-டெஸ்டிங், எக்ஸ்ட்ரா-டெஸ்டிங் ஆனது. ஆட்களின் மெஷின் உடையக்கூடாது என்று பழைய பெயர்களைக் காலி ரெப்போவாக விட்டுவைத்திருந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று அந்தக் காலி ரெப்போக்களையும் எடுத்துவிட்டார்கள், இரண்டு வாரம் முன்பே செய்திப் பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான். உங்கள் லேப்டாப் மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பு தூங்கப்போனது, அதனால் எதுவும் தெரியாது.

ஆகவே கம்யூனிட்டி வரியை எடுத்துவிடுங்கள். கீழே இருக்கும் இன்க்ளூட் வரியையும் சேர்த்து எடுக்கவேண்டும். பேக்கேஜ்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பேக்கேஜ் எந்த ரெப்போவிலிருந்து வந்தது என்பதை அப்டேட்டின்போது பேக்மேன் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது பெயரும் வெர்ஷனும்தான். அதே பெயர் இப்போது எக்ஸ்ட்ராவில் இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை, வரியை எடுத்த கையோடு, டேட்டாபேஸ் புதுப்பிக்காமல், எந்த ரெப்போவிலும் இல்லாத பேக்கேஜ்களைக் காட்டும் 'பேக்மேன் -க்யூஎம்' அடித்துப் பார்க்காதீர்கள். கையில் இருப்பது பழைய எக்ஸ்ட்ரா பட்டியல் என்றால் கம்யூனிட்டியிலிருந்து வந்த எல்லாமே ஊர் பேர் தெரியாத பேக்கேஜாக வரிசை கட்டி நிற்கும், நீங்கள் பயந்துபோய் எதையாவது நீக்கிவிடுவீர்கள்.

அடுத்தது கீரிங், அதாவது பேக்கேஜ்களின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவிக்கொத்து. 2023-இல் இருந்த சாவிகளோடு இன்றைய பேக்கேஜின் கையெழுத்தைச் சரிபார்த்தால் "அன்னோன் டிரஸ்ட்" என்றுதான் வரும். அதற்காகச் சிக்லெவலை நெவர் ஆக்குவது அநியாயம். 'பேக்மேன் -எஸ்ஒய் ஆர்ச்லினக்ஸ்-கீரிங்', அது முடிந்த உடனே 'பேக்மேன் -எஸ்யு'. நடுவில் வேறு எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம். பட்டியல் மட்டும் புதிதாகி மற்றதெல்லாம் பழையதாக இருக்கும் அந்த இடைவெளியில்தான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சின்ன எடிட்டர் போடலாமே என்று போடுவார்கள், அது ஏதோ ஒரு லைப்ரரியின் புது வெர்ஷனை இழுத்துவரும், அப்புறம் பழையதை நம்பியிருந்த புரோகிராம்களைத் திறந்தால் ஷேர்டு லைப்ரரி காணோம் என்று அழும்.

மொட்டைமாடி எழுதியது:

நன்றி அண்ணா. கீரிங் ஏறிவிட்டது. -எஸ்யு அடித்ததும் நிறையக் கேள்வி கேட்டது, இதற்குப் பதில் அதைப் போடவா என்று. எல்லாவற்றுக்கும் ஒய் கொடுத்தேன். கடைசியில் இப்படி நிற்கிறது:

"இன்ஸ்டாலிங் எக்ஸ்265 பிரேக்ஸ் டிபெண்டன்சி லிப்எக்ஸ்265.எஸ்ஓ=199-64 ரிக்வயர்டு பை எஃப்எஃப்எம்பெக்-ஃபுல்"

தம்பியிடம் கேட்டேன், வீடியோ வேலைக்காக ஏயூஆரிலிருந்து (பயனர்களே பகிரும் பேக்கேஜ் குறிப்புகளின் தொகுப்பு) போட்டானாம். நீக்கப் பார்த்தால் எம்பிவி வீடியோ பிளேயருக்கு எஃப்எஃப்எம்பெக் வேண்டும் என்று அது தடுக்கிறது. எம்பிவியை நீக்கினால் இன்னொன்று. இப்போதாவது -டிடி போடலாமா?

நடுச்சாமஅட்மின் எழுதியது:

வேண்டாம். இங்கே எதுவும் உடையவே இல்லை, உடையவிடாமல் பேக்மேன் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏயூஆர் பேக்கேஜ் உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆனது. அன்று இருந்த எக்ஸ்265-இன் 199-ஆம் எண் லைப்ரரியோடு ஒட்டப்பட்டது. அந்த எண் இப்போது இல்லை. ரெப்போவில் இருக்கும் பேக்கேஜ் என்றால் அவர்கள் மறுபடி கட்டித் தந்துவிடுவார்கள், ஏயூஆர் பேக்கேஜை உங்களுக்காக யாரும் கட்டித் தரமாட்டார்கள்.

தனியாக நீக்கப் பார்க்காதீர்கள். 'பேக்மேன் -எஸ்யு எஃப்எஃப்எம்பெக்' என்று, முழு அப்டேட்டோடு சேர்த்தே ரெப்போவின் சாதாரண எஃப்எஃப்எம்பெக்கையும் கேளுங்கள். இரண்டும் மோதுகின்றன, எஃப்எஃப்எம்பெக்-ஃபுல்லை நீக்கவா என்று கேட்கும். அந்தக் கேள்வியில் இயல்பான பதில் என், நீங்கள் ஒய் அடிக்கவேண்டும். எம்பிவிக்கு வேண்டியது எஃப்எஃப்எம்பெக் என்ற பெயர், அது யார் கொடுத்தாலும் அதற்குச் சம்மதம். ஒரே பரிவர்த்தனையில் பழையது போய்ப் புதியது வருவதால் நடுவில் இடைவெளி இல்லை, -டிடியும் தேவையில்லை. வீடியோ வேலைக்கு அந்த ஃபுல் வேண்டும் என்றால் எல்லாம் முடிந்தபிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

இதற்குப் பதில் அதைப் போடவா என்று கேட்டது பற்றி: பேக்கேஜ் பெயர் மாறும்போது புதியதற்குள் ரீப்ளேசஸ் என்று ஒரு வரி எழுதுவார்கள். முழு அப்டேட்டில் மட்டும்தான் அதைப் பேக்மேன் மதிக்கும். ஒவ்வொன்றாக -எஸ் போட்டு ஏற்றினால் அந்த வரி இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றாக ஏற்றினால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்குத்தான் அதிகம் உடைகிறது.

கொடிக்கம்பி எழுதியது:

நான் டெபியன் பக்கம். வேறு ஊர், அதே தொல்லை என்பதால் நுழைகிறேன்.

2024 தொடக்கத்தில் சிட் (டெபியனின் நிலையற்ற பதிப்பு) வைத்திருந்தவர்களுக்கு டி64 மாற்றம் ஞாபகம் இருக்கும். 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு நிரம்பிவிடும், அதனால் ஆர்ம் போன்ற 32 பிட் மெஷின்களில் நேரத்தை 64 பிட் ஆக்கவேண்டும். ஒரு லைப்ரரியில் அதை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் மறுபடி கட்டவேண்டும். பழையதும் புதியதும் கலந்துவிடக்கூடாது என்று லைப்ரரி பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் டி64 ஒட்டினார்கள். நேரக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லாத 64 பிட் பிசிகளிலும் பெயர் மாறியது. அந்த வாரங்களில் சிட்டில் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' அடித்தால் டெஸ்க்டாப்பையே நீக்கவா என்று கேட்கும். அடிக்காமல் இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெறும் 'ஆப்ட் அப்கிரேட்' எதையும் நீக்காது, முடியாததைப் பிடித்துவைத்துவிட்டு மற்றதை ஏற்றும். அது மட்டும் போட்டுக்கொண்டு காத்திருந்தால் பட்டியல் தானாகக் கரைந்தது. அந்தச் சமயத்தில்தான், மார்ச் 29, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட்டில் யாரோ பின்கதவு வைத்த விவகாரமும் வெடித்தது. கேட்கவே வேண்டாம்.

இதன் மிச்சம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. உபுண்டு 24.04-இல் 'ஆப்ட் இன்ஸ்டால் லிப்அசவுண்ட்2' என்று அடித்தால் கிடைக்கவில்லை என்று வரும். உண்மையில் அந்த அல்சா ஒலி லைப்ரரி லிப்அசவுண்ட்2டி64 என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆப்ட் இரண்டு பேரைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்கும். இன்னொருவர் லிப்ஓஎஸ்எஸ்4-சால்சா-அசவுண்ட்2, அது ஓஎஸ்எஸ் என்ற வேறு ஒலி அமைப்பின் பக்கத்து மாற்று, முழு அல்சா கிடையாது. பெயரில் டி64 இல்லாததால் இதுதான் பழையது என்று நினைத்து அதைப் போட்டவர்களின் புரோகிராம் திறக்கவே மறுத்தது.

-டிடி மாதிரி எங்களுக்கும் 'டிபிகேஜி --ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்' இருக்கிறது. போட்டால் அந்த ஒரு பேக்கேஜ் ஏறிவிடும், அன்றிலிருந்து ஆப்ட் வேறு எதையுமே ஏற்றாது, முதலில் இதைச் சரிசெய் என்று ஒற்றைக்காலில் நிற்கும்.

ரூட்டுராசா எழுதியது:

எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறீர்கள், சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2023-இல் கம்யூனிட்டியை மூடியபோதே 404 கொடுத்திருந்தால் எல்லாரும் அன்றே திருத்தியிருப்பார்கள். இரண்டு வருடம் காலி ரெப்போ வைத்து எதற்கு? ரேஷன் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டு, பழைய கடையையும் திறந்துவைத்து, உள்ளே ஒரு மூட்டைகூட இல்லாமல் ஆளை உட்காரவைத்த மாதிரி.

நடுச்சாமஅட்மின் எழுதியது:

கம்யூனிட்டி விஷயத்தில் அதனால் நஷ்டம் யாருக்கும் இல்லை. எக்ஸ்ட்ரா எல்லாருடைய கோப்பிலும் ஏற்கனவே இருந்தது, சரக்கு அங்கிருந்து வந்துகொண்டே இருந்தது. அன்றே 404 கொடுத்திருந்தால் ஆளில்லாமல் ஓடும் மெஷின்கள் எல்லாம் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நின்றிருக்கும். எனக்கு அந்த அவகாசம் சரியாகத்தான் படுகிறது.

சுழிச்சக்கரம் எழுதியது:

அட்மின் அண்ணா, நான் ராசா பக்கம். நீங்கள் டெஸ்டிங்கை விட்டுவிட்டீர்கள்.

கம்யூனிட்டிக்கு எக்ஸ்ட்ரா இருந்தது. டெஸ்டிங் வைத்திருந்தவன் கோப்பில் கோர்-டெஸ்டிங் என்ற பெயரே கிடையாது. பேக்மேன் 6.0.2-7 வந்தபோது புது கான்ஃப் கோப்பு பேக்நியூ என்று பக்கத்தில் வந்து விழுந்தது, ஏனென்றால் டெஸ்டிங்கைத் திறந்துவைத்தவன் எல்லாருமே கோப்பைக் கையால் மாற்றியவன். அதை ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்க்காதவன் மெஷினில் என்ன ஆகும்? டெஸ்டிங் காலி. எரர் இல்லை. அப்டேட் அடித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். 'லோக்கல் இஸ் நியூவர் தேன் கோர்' என்று சில மஞ்சள் வரிகள் மட்டும் வரும், அதை யார் படிக்கிறார்கள். கொஞ்ச நாளில் கோர் அவனை எட்டிப் பிடித்துவிடும், மஞ்சள் வரியும் போய்விடும். டெஸ்டிங்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அவன் ஸ்டேபிளில் உட்கார்ந்திருப்பான். நான் பார்த்துக்கொள்ளும் இரண்டு பில்ட் மெஷின்களில் இதே கதை. டெஸ்டிங்கில் முதலில் உடையும், நாம் சொல்லலாம் என்று வைத்திருந்த மெஷின்கள், ஒன்றுமே உடையாமல் அமைதியாக ஓடின.

உடைந்த டிபெண்டன்சியைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அது சத்தம் போடும், ஆள் எழுந்துபோய்ப் பார்ப்பான். சத்தம் போடாத காலி ரெப்போதான் எனக்குப் பயம்.

கொடிக்கம்பி எழுதியது:

சக்கரம் சொல்வது எங்களிடமும் நடந்தது. 2023 ஜூனில் டெபியன் 12 வந்தபோது நான்-ஃப்ரீயிலிருந்து ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருளை) பிரித்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று தனிப் பகுதி ஆக்கினார்கள். சோர்சஸ்.லிஸ்டில் நான்-ஃப்ரீ மட்டும் எழுதிவைத்திருந்தால் அப்கிரேட் நன்றாகவே முடியும். வைஃபை கார்டுக்கும் சிபியு மைக்ரோகோடுக்கும் பழைய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும், புதியது வராது. ஆப்ட் இதைப்பற்றி ஒரு குறிப்பு போடுகிறது, ஆனால் எரர் இல்லை என்பதால் ஸ்கிரிப்டில் ஓட்டுபவர்கள் கண்ணில் படாது.

நடுச்சாமஅட்மின் எழுதியது:

சக்கரம், டெஸ்டிங் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். டெஸ்டிங்குக்கு மட்டும் அன்றே 404 கொடுத்திருக்கலாம். அதைத் திறந்து வைப்பவன் எரர் படிக்கத் தெரிந்தவன்தான்.

மொட்டைமாடி எழுதியது:

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அடுத்த படிக்கு வந்துவிட்டேன். எஃப்எஃப்எம்பெக் தந்திரம் வேலை செய்தது, ஒய் அடித்தேன், எல்லாம் டவுன்லோட் ஆனது. கையெழுத்து எல்லாம் சரி. கடைசியில் ஃபைல் மோதல்:

"லினக்ஸ்-ஃபர்ம்வேர்-என்விடியா: /யுஎஸ்ஆர்/லிப்/ஃபர்ம்வேர்/என்விடியா/ஏடி103 எக்ஸிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்"

அப்புறம் ஏடி104, ஏடி106, ஏடி107. தம்பி 2024-இல் ஃபர்ம்வேர் பேக்கேஜை மட்டும் தனியாக இறக்கி ஏற்றினானாம். ஆனால் இதில் என்விடியா கார்டே கிடையாது, இன்டெல் மட்டும்தான்!

ரூட்டுராசா எழுதியது:

இப்போதாவது ஓவர்ரைட் ஸ்டார் போடலாம் அல்லவா?

நடுச்சாமஅட்மின் எழுதியது:

இல்லை ராசா. ஆனால் இந்த முறை உங்கள் -டிடிக்கு வேலை வந்துவிட்டது.

2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேரைக் கம்பெனி வாரியாகப் பிரித்தார்கள். இப்போது அந்தப் பெயரில் இருப்பது வெறும் கூடு, அது மற்றவற்றை டிபெண்டன்சியாக இழுத்துவரும். கார்டு இல்லாவிட்டாலும் என்விடியா கோப்புகள் வந்ததற்குக் காரணம் அதுதான். பிரிக்கும்போது என்விடியா ஃபோல்டருக்குள் இருந்த சிம்லிங்க் (வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழி) அமைப்பையும் மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றத்தைப் பேக்மேனால் தானாகச் செய்ய முடியாது. ஓவர்ரைட் ஸ்டார் என்பது இந்த நாலு பெயருக்கு மட்டும் அனுமதி இல்லை, இந்த அப்டேட்டில் வரும் அத்தனை பேக்கேஜும் யார் கோப்பின்மேல் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி. ஆர்ச் செய்திப் பக்கத்தில் அவர்களே கொடுத்த வழி, 'பேக்மேன் -ஆர்டிடி லினக்ஸ்-ஃபர்ம்வேர்', உடனே 'பேக்மேன் -எஸ்ஒய்யு லினக்ஸ்-ஃபர்ம்வேர்'. ஒரு டி போட்டால் வெர்ஷன் சோதனை மட்டும் போகும், இரண்டு போட்டால் டிபெண்டன்சி சோதனையே போய்விடும். ரெப்போவைப் பிரித்தவர்களே, இந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் போடுங்கள். எரர் வந்த எரிச்சலில் போடாதீர்கள்.

நீக்குவதற்கும் மறுபடி ஏற்றுவதற்கும் நடுவில் ரீபூட் வேண்டாம், லேப்டாப் மூடியை மூடி சஸ்பெண்டும் வேண்டாம். வைஃபை சிப்பில் ஃபர்ம்வேர் ஏற்கனவே ஏறியிருக்கிறது, டிஸ்க்கில் இருப்பதை அழித்தாலும் இணைப்பு போகாது. ரீபூட் ஆனால் மறுபடி ஏற்றக் கோப்பு இருக்காது, அப்புறம் வைஃபை இல்லாமல் வைஃபை ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது? உங்களுக்கு ஏற்கனவே எல்லாம் கேஷில் இறங்கிவிட்டது, நல்லது. மற்றவர்கள் முதலில் -எஸ்ஒய்யுடபிள்யு போட்டு இறக்கிமட்டும் வைத்துக்கொண்டு அப்புறம் கைவையுங்கள். சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள்.

வயல்வரப்பு எழுதியது:

தாமதமாக வருகிறேன். இத்தனை பழைய மெஷினை ஒரே தாவலில் ஏற்றாமல் ஆர்ச் ஆர்கைவிலிருந்து படிப்படியாக ஏற்றலாமே? ஒவ்வொரு நாளின் ரெப்போ நிலையும் தேதி வாரியாக அங்கே இருக்கிறது, மிரர்லிஸ்டில் அந்தத் தேதியைக் கொடுத்தால் போதும்.

நடுச்சாமஅட்மின் எழுதியது:

செய்யலாம், நேரடியாக ஏற்றி நிஜமாகவே மாட்டிக்கொண்டால். ஒரு சிக்கல், 2023 மே 19-க்கு முந்தைய தேதிக்குப் போனால் அங்கே கம்யூனிட்டி உண்டு, எக்ஸ்ட்ராவில் அந்தச் சரக்கு கிடையாது. அப்போது வரியைத் திரும்பப் போடவேண்டும், தேதி தாண்டியதும் மறுபடி எடுக்கவேண்டும். இவருக்குத் தேவையில்லை.

டேப்சுருள் எழுதியது:

சர்வர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைத் தேடி வந்தால்: சென்ட்ஓஎஸ் 7-இல் மிரர்லிஸ்ட்.சென்ட்ஓஎஸ்.ஆர்க் ஹோஸ்ட்டே கிடைக்கவில்லை என்று வந்தால் டிஎன்எஸ்ஸைக் குடையாதீர்கள். 2024 ஜூன் 30-ஓடு அதன் ஆயுள் முடிந்தது, சரக்கு எல்லாம் வால்ட் முகவரிக்குப் போய்விட்டது. ரெப்போ கோப்பில் மிரர்லிஸ்ட் வரியை மூடி பேஸ்யுஆர்எல்லில் வால்ட் கொடுத்தால் யம் (அங்கே பேக்மேன் வேலை செய்யும் கருவி) ஓடும். ஓடுகிறது என்பதற்காக அப்படியே வைத்திருக்காதீர்கள், அங்கே புது பேட்ச் எதுவும் வராது. டெபியன் 10-க்கும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) அதே தேதியில்தான் முடிந்தது, அதன் சரக்கு ஆர்கைவ்.டெபியன்.ஆர்க்கில்.

மொட்டைமாடி எழுதியது:

ஏறிவிட்டது! ரீபூட் ஆனது, வைஃபை இருக்கிறது, டெஸ்க்டாப் வந்தது. ஒன்றுதான் மிச்சம். ஏயூஆர் பேக்கேஜ்களைக் கட்டித் தரும் யே திறக்க மாட்டேன் என்கிறது, பேக்மேனின் லைப்ரரியான லிப்ஏஎல்பிஎம்.எஸ்ஓ.13 இல்லையாம். ஒரு சிம்லிங்க் போட்டு 15-ஐ 13 என்று காட்டச் சொல்லி எங்கோ படித்தேன்.

சுழிச்சக்கரம் எழுதியது:

போடாதீர்கள். பேக்மேன் 6.0-க்கு 13, 6.1-க்கு 14, 7.0-க்கு 15. எண் மாறுவதே உள்ளே அமைப்பு மாறிவிட்டது என்று சொல்லத்தான், பெயரை ஏமாற்றினால் நினைவகத்தில் தவறான இடத்தைப் படிக்கும். உங்கள் பேக்கேஜ் டேட்டாபேஸைத் தொடும் ஒரு புரோகிராமில் அந்த விளையாட்டு வேண்டாம். யே தன்னைத்தானே கட்டிக்கொள்ள முடியாது, ஆகவே கையால்: ஏயூஆரிலிருந்து கிட் குளோன், ஃபோல்டருக்குள் போய் 'மேக்பேக்கேஜ் -எஸ்ஐ'.

அது முடிந்ததும் இப்போது 'பேக்மேன் -க்யூஎம்' அடியுங்கள், இப்போது அந்தப் பட்டியல் உண்மை பேசும். அதில் தம்பி ஏயூஆரிலிருந்து போட்டது இருக்கும், ரெப்போவிலிருந்து இடையில் தூக்கப்பட்டதும் இருக்கும். தூக்கப்பட்டதைப் பேக்மேன் தானாக நீக்காது, சொல்லவும் செய்யாது, ஏதோ ஒரு நாள் மறுபடி "பிரேக்ஸ் டிபெண்டன்சி" என்று வந்து வழியை மறிக்கும். பைதான் 3.10 ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள், '-க்யூஓக்யூ' போட்டு அந்த ஃபோல்டரைக் கொடுத்தால் எந்தப் பேக்கேஜ் இன்னும் அங்கே தங்கியிருக்கிறது என்று காட்டும். அவை எல்லாவற்றையும் மறுபடி கட்டவேண்டும்.

மொட்டைமாடி எழுதியது:

யே கட்டிவிட்டேன், ஓடுகிறது. பைதான் 3.10-இல் இரண்டு பேக்கேஜ் தங்கியிருக்கின்றன, இரண்டும் தம்பியின் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கானவை, நீக்கிக்கொள் என்றுவிட்டான். க்யூஎம் பட்டியலில் பாதி எனக்கு என்னவென்றே தெரியவில்லை, அவனை வீடியோ காலில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறேன்.

'-க்யூடிடி' அடித்தால் யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ் என்று ஒரு நீளமான பட்டியல் வருகிறதே, அதை மொத்தமாக நீக்கலாமா?

நடுச்சாமஅட்மின் எழுதியது:

மொத்தமாக வேண்டாம். மேக்பேக்கேஜுக்குத் தேவைப்படும் கோ மாதிரி கம்பைலர்களும் அதில் இருக்கும். அப்புறம் ஃபர்ம்வேர் பிரிந்தபோது தனியாகப் போனவற்றில் உங்கள் கார்டுக்கானது வந்திருக்கிறதா என்று முதலில் 'ஜர்னல்சிடிஎல் -பி' போட்டு ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஃபெயில்ட் என்று வரி இல்லை என்றால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொள்ளுங்கள்.

ரூட்டுராசா எழுதியது:

இந்நேரம் நான் மூன்று தடவை ரீஇன்ஸ்டால் செய்திருப்பேன். :)